ரஷ்ய மாப்பிள்ளை... ஜப்பான் பெண்!

1963-ல் சோவியத் யூனியனில் பிறந்த ஒரு லென்ஸுக்கும், 2014-ல் ஜப்பானில் வெளிவந்த ஒரு காமிராவுக்கும் போன வருஷம் என் செலவில் கல்யாணம் நடந்தது. வயசு வித்தியாசம் 51 வருஷம்! பாஷை வேறு, தேசம் வேறு. மாப்பிள்ளைக்குக் கரண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. பெண்ணுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் மூச்சே வராது. இருந்தும் ஜோடி ஜோராகக் குடித்தனம் பண்ணுகிறது. நடுவில் நின்று முடித்து வைத்த தரகர், ஒரு சின்ன உலோக வளையம்.

வாடகை, பைக் டியூ, பால் கணக்கு என்று மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிற நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்குக் காமிரா ஆசை வந்தால் கஷ்டம்தான். ஷோரூமில் காமிராவின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலி கேட்போம். லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கேட்போம். ஆனால், ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். டிஜிட்டல் காமிரா என்பது பால். லென்ஸ் என்பது பாத்திரம். பால் நாலு நாளில் திரிந்துவிடும். நல்ல பாத்திரம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும்.

எங்கள் குடும்பத்துக்கு வந்த பாத்திரத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நெய்வேலிக்கு வந்த மாப்பிள்ளை

என் பெரியப்பா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1960-களில் அந்த நிலையம் சோவியத் உதவியோடு எழும்பிக்கொண்டிருந்தபோது ரஷ்ய என்ஜினீயர்கள் பலர் அங்கே தங்கியிருந்தார்கள். ஊருக்கு மூட்டை கட்டிய ஒருவரிடமிருந்து பெரியப்பா வாங்கியதுதான் 'ஸோர்க்கி-4' காமிரா. முகப்பில் 'ஜுபிடர்-8' என்கிற 50 மி.மீ. லென்ஸ். லென்ஸில் பொறித்திருக்கும் நம்பர் 63 என்று தொடங்குகிறது. அந்தக் காலத்து ரஷ்ய லென்ஸ்களில் முதல் இரண்டு எண்கள் பெரும்பாலும் பிறந்த வருஷம். தனியாக ஜாதகம் கேட்க வேண்டியதில்லை.

ரஷ்ய மாப்பிள்ளை என்கிறேனே தவிர, பூர்விகம் ஜெர்மனி. 1930-களின் தொடக்கத்தில் ஸைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டலே என்பவர் 'ஸொனார்' லென்ஸை வடிவமைத்தார். அப்போதெல்லாம் லென்ஸ் மேல் இப்போது போலப் பூச்சு கிடையாது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கொஞ்சம் சிதறி, படம் வெளிறும். பெர்ட்டலே ஆறு கண்ணாடிகளை மூன்றே கட்டுகளாக ஒட்டிவிட்டார். சந்திப்பு குறைந்தது, சிதறலும் குறைந்தது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் மெஷின்களையும் கண்ணாடியையும் சோவியத் தரப்பு நஷ்ட ஈடாக அள்ளிக்கொண்டு போனது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் அதே ஸொனார், 'ஜுபிடர்' என்று பெயர் மாற்றிக்கொண்டு மறுபிறவி எடுத்தது.

காமிராவும் அப்படித்தான். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பர்னாக் என்கிறவர் சினிமா ஃபிலிமைப் போட்டுப் படமெடுக்கும் குட்டிக் காமிரா ஒன்றைச் செய்தார். 1925-ல் லைப்ஸிக் பொருட்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் அது வெளிவந்தது. ஸோர்க்கி அந்த வம்சத்தின் ரஷ்யக் கிளை.

இந்த ஜாதிக் காமிராவுக்கு 'ரேஞ்ச்ஃபைண்டர்' என்று பெயர். துவாரத்தின் வழியாகப் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் போகஸ் சரி, 'க்ளிக்'! சின்ன உடம்பு, அதிகச் சத்தம் இல்லை. 1948 ஜனவரி 30-ல், காந்திஜி சுடப்பட்ட அன்றே அவரைச் சந்தித்துப் படமெடுத்தவரும், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவரும் ஒருவரே. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன். பெரும்பாலும் அவர் கையில் லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும்தான்.

நடுவில் நின்ற கண்ணாடி

இப்போது ஒரு கேள்வி. இத்தனை நல்ல லென்ஸ்களை டிஜிட்டல் காமிராக்கள் வந்தவுடனே மாட்டியிருக்கலாமே?

முடியவில்லை. காரணம், நடுவில் ஒரு கண்ணாடி. எஸ்.எல்.ஆர். வகைக் காமிராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது மேலே எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் நிக்கானின் பழைய மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் வாய்க்கும் ஃபிலிமுக்கும் தூரம் 46.5 மி.மீ. கேனானில் 44. ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடியே கிடையாது. பழைய ஸ்க்ரூ மவுண்ட் லைக்காவிலும் ஸோர்க்கியிலும் அந்தத் தூரம் 28.8 மி.மீ.தான். அந்த லென்ஸை எஸ்.எல்.ஆரில் வைத்தால் மூக்குக்கு முன்னால் இருக்கும் ஈ தெரியும், எதிர்வீடு தெரியாது.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களுக்கென்றே 2004-ல் எப்ஸன் ஒரு டிஜிட்டல் காமிரா கொண்டுவந்தது. 2006-ல் லைக்கா எம்8 வந்தது. விலையைக் கேட்டால், நம் பி.எஃப். கணக்கு கண்ணீர் விடும்.

2008-ல் பானஸானிக் 'ஜி1' என்று ஒன்றை அறிவித்தது. கண்ணாடியையே தூக்கிவிட்டார்கள்! சென்ஸார் பார்ப்பதை அப்படியே குட்டித் திரையில் காட்டிவிடுகிறது. அதுதான் மிரர்லெஸ். கண்ணாடி போனதும் காமிரா ஒல்லியாகிவிட்டது. சோனியில் அந்தத் தூரம் 18 மி.மீ., நிக்கான் இஸட்டில் 16, கேனான் ஆர்.எஃப்பில் 20. எல்லாமே 28.8-க்குக் குறைவு. கழித்துப் பாருங்கள்: சோனிக்கு 10.8 மி.மீ. இடைவெளி. அந்தத் தடிமனுக்கு ஒரு வளையம் கடைந்தால் விஷயம் முடிந்தது. உள்ளே லென்ஸ் கிடையாது, ஒயர் கிடையாது. வெறும் வளையம்!

பெண் பார்த்த படலம்

ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் நண்பர் சிரித்தார்.

"போன்லயே நூத்தெட்டு மெகாபிக்ஸல் இருக்கே சார். எதுக்கு இந்த வேலை?"

நியாயமான கேள்வி. போன் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு நிஜமாகவே போன் போதும். ஆனால் 50 மி.மீ. லென்ஸைக் காமிராவில் மாட்டும்போது, சென்ஸாரின் சைஸ்தான் கதாநாயகன்.

ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். முழு ஜன்னலும் திறந்திருந்தால் தெரு முழுக்கத் தெரியும். அதுதான் 'ஃபுல் ஃப்ரேம்'. பழைய ஃபிலிம் அளவான 36-க்கு 24 மி.மீ. ஒரு கதவைச் சாத்தினால் எதிர்வீடு மட்டும் தெரியும். அது 'ஏ.பி.எஸ்.ஸி.' சென்ஸார். அதில் உங்கள் 50 மி.மீ. லென்ஸ் 75 போலத் தெரியும். இன்னும் சாத்தினால் எதிர்வீட்டு மாமி மட்டும். அது 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்'. அதில் 50, நூறாகிவிடும். லென்ஸ் மாறவில்லை, நமக்குக் கிடைக்கிற ஜன்னல்தான் சின்னதாகிறது.

பெரியப்பா எதைப் பார்த்தாரோ அதையே நான் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே ஃபுல் ஃப்ரேம். பட்ஜெட் ஐம்பதாயிரம். புதுசு என்றால் லட்சத்தைத் தாண்டும். செகண்ட் ஹேண்டில் இறங்கினேன்.

முதலில் வந்தது ஒரு கல்யாண போட்டோகிராபரின் காமிரா. விலை குறைவு. ஆனால் ஷட்டர் மூன்று லட்சம் தடவைக்கு மேல் அடித்திருந்தது. அவ்வளவு முகூர்த்தம் பார்த்த காமிராவுக்கு ஓய்வு கொடுப்பதே தர்மம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தது வேளச்சேரியில் ஒரு ஐ.டி. இளைஞர். டூர் போவதற்காக வாங்கி, டூரில் போனிலேயே படமெடுத்துவிட்டு, காமிராவை அலமாரியில் வைத்துப் பூஜை செய்தவர். சோனி ஏ7 வரிசையில் இரண்டாவது மாடல். 24 மெகாபிக்ஸல். இந்த மாடலில் எனக்கு வேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வித்தை லென்ஸில் இல்லாமல் காமிராவின் உடம்பிலேயே இருக்கிறது. அதனால் 1963 மாடல் லென்ஸுக்கும் அந்தச் சலுகை கிடைக்கும்.

நீங்கள் பெண் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். லென்ஸையும் வளையத்தையும் எடுத்துப் போங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்தால் சென்ஸாரில் இருக்கும் தூசும் கறையும் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். தூரத்து செல்போன் டவரைக் குறிபார்த்து வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். டவர் தெளிவாக வரவேண்டும். வரவில்லையென்றால் உங்கள் அடாப்டர் ஒரு நூல் தடிமன் கூடுதல் என்று அர்த்தம். காமிராமேல் பழி போடாதீர்கள்.

48,000 ரூபாய்க்குப் படிந்தது.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

நான் வாங்கியது இரட்டை வளையம். ஸ்க்ரூ லென்ஸை லைக்கா 'எம்' மவுண்ட்டாக மாற்ற 1 மி.மீ. வளையம் ஒன்று. 'எம்' மவுண்ட்டிலிருந்து சோனிக்கு இன்னொன்று. எதற்கு இரண்டு? நாளைக்கே ஒரு 'எம்' மவுண்ட் லென்ஸ் கிடைத்தால் இரண்டாவது வளையம் அதற்கும் ஆகும். தவிர, இந்த இரண்டாவது வளையத்திலேயே திருகி நீட்டுகிற வசதியுள்ள மாடல் உண்டு. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் பல ஒரு மீட்டருக்குக் கிட்டே வந்தால் போகஸ் ஆகாது. ஒரு மீட்டர் தள்ளியே நில் என்கிற பழைய காலத்து மரியாதை! இந்த வளையத்தை நீட்டினால் அரை மீட்டருக்குள்ளேயே போகலாம். டிபன் தட்டில் இருக்கிற வடையின் ஓட்டை வரை எடுக்கலாம்.

எல்லா மாப்பிள்ளையும் எல்லாப் பெண்ணுக்கும் சரிப்படாது. மூன்று விஷயம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஒன்று: 50 மி.மீ.க்கு மேல் போனால் கவலையில்லை. 28-க்குக் கீழே உள்ள பழைய அகலக்கோண லென்ஸ்களில் ஜாக்கிரதை. அவற்றின் பின்பக்கம் சென்ஸாருக்கு மிகக் கிட்டே உட்காரும். ஓரங்களில் வெளிச்சம் சரிந்து விழும். ஃபிலிம் அதைப் பெரிதுபடுத்தாது. சென்ஸாரின் மேலே ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறதே, அதில் சரிந்து நுழைகிற வெளிச்சம் தடம் புரண்டு மூலைகள் கசங்கிவிடும். சில சமயம் ஊதா கலந்த சிவப்பு ஏறும்.

இரண்டு: ஜுபிடர்-12 என்கிற 35 மி.மீ. லென்ஸின் பின்கண்ணாடி தொப்பை போல உள்ளே நீண்டிருக்கும். சில காமிராக்களில் இடிக்கும். மாட்டும் முன் விசாரியுங்கள்.

மூன்று: இண்டஸ்டார்-22 போலக் குழாயை உள்ளே அமுக்கி மடக்குகிற லென்ஸ்களை டிஜிட்டல் காமிராவில் மாட்டிவிட்டு மடக்கவே மடக்காதீர்கள். உள்ளே ஷட்டர் இருக்கிறது!

வீட்டில் பழைய லென்ஸ் இல்லாதவர்கள் என்ன பண்ணுவது? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சுற்றிப் பாருங்கள், பொழுது போகும். எனக்கு அங்கே 'லைக்கா' ஒன்று காட்டப்பட்டது. உடம்பெல்லாம் தங்க முலாம், முதுகில் ஜெர்மன் கழுகு.

"ஹிட்லர் ஆபீசர் வெச்சிருந்தது சார்!" என்றார் கடைக்காரர், பயபக்தியோடு.

நம்பிவிடாதீர்கள். பழைய ஃபெட், ஸோர்க்கி காமிராக்களைத் தேய்த்து, முலாம் பூசி, கழுகு பொறித்து 'லைக்கா' ஆக்குவது உலகம் முழுக்க நடக்கிற கைத்தொழில். நிஜ லைக்கா லென்ஸ்களின் விலை நம் எல்லைக்கு அப்பால். ஜுபிடர்-8, இண்டஸ்டார்-61, கேனானின் பழைய ஸ்க்ரூ லென்ஸ்கள் இவையெல்லாம் ஓரளவு கைக்கெட்டும்.

பூஞ்சைக்கு மாமியார் வீடு

நம் ஊரில் பழைய லென்ஸுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. பெரியப்பாவின் லென்ஸ் பல வருஷம் பீரோவில், தோல் உறைக்குள், பாச்சை உருண்டை வாசனையோடு தூங்கியது. செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை!

மவுண்ட் ரோடு பின்பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெரியவர். லென்ஸை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தார்.

"ஆரம்ப ஸ்டேஜ்தான் தம்பி. பூச்சைத் தின்னல. எதுல வெச்சிருந்தீங்க?"

"தோல் கேஸ்ல..."

"தோல் ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். பூஞ்சைக்கு அது மாமியார் வீடு. ராஜ உபசாரம். இனிமே மூடி டைட்டான டப்பாவுல ஸிலிகா ஜெல் போட்டு வைங்க. மாசத்துக்கு ரெண்டு நாளாவது வெளியே எடுத்துப் படம் எடுங்க. உபயோகப்படுத்துற லென்ஸ் கெடாது."

1,200 ரூபாய். நாலாம் நாள் லென்ஸ் குழந்தை கண் மாதிரி திரும்பி வந்தது.

தனிக்குடித்தனம்

மாட்டியவுடன் ஷட்டர் அடிக்கவில்லை என்றால் பதறாதீர்கள். பழைய லென்ஸுக்கு மின்சாரத் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று காமிரா நினைத்துக்கொள்ளும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கலாம்' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும். கை நடுக்கச் சமாசாரத்துக்கு, லென்ஸ் 50 மி.மீ. என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போகஸுக்கு 'பீக்கிங்' என்று ஒரு வசதி. எந்த இடம் தெளிவோ அந்த ஓரமெல்லாம் சிவப்புக் கோடு மின்னும். நான் சிவப்பைப் பார்த்துக் கிட்டத்தட்ட வந்துவிட்டு, அப்புறம் ஒரு பட்டனால் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்து முடிப்பேன். ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தூரம் சொல்வதற்காக லென்ஸின் பின்னால் ஒரு நுட்பமான உலோக விளிம்பு இருக்கிறது. பாவம், அது இப்போது வேலையில்லாப் பட்டதாரி.

ஓடுகிற பையனையும் பறக்கிற காக்காயையும் இதில் பிடிப்பது கஷ்டம். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் படம் வெளிறும். எஃப் 2-ல் நடுவில் தெளிவு, ஓரங்களில் கனவு. எஃப் 5.6-க்கு வந்தால் நன்றாகவே தெளிவு. ஆனால் முகங்கள்! எஃப் 2-ல் ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். சுருக்கம் தெரியும், ஆனால் குத்திக் காட்டாது.

வடலூரில் ஒரு மத்தியானம்

பெரியப்பாவுக்கு இப்போது 86. ரிடையராகி வடலூரில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தின் முப்பது வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் அந்த ஜுபிடர் வழியாகத்தான் ஆல்பத்துக்கு வந்தன. கூடத்தில் மாலை போட்டிருக்கும் பெரியம்மாவின் படமும் அதில் எடுத்ததுதான். ஆல்பத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். பெரியப்பா மட்டும் இல்லை. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் வருவார்?

காமிராவை எனக்குக் கொடுத்தபோது, "ஃபிலிம் ரோலு, அதைக் கழுவுற கூலின்னு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுதாம்டா. இனிமே இது பேப்பர் வெயிட்டுதான்" என்றிருந்தார்.

போய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். உடம்பை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் தடவினார்.

காடராக்ட் ஆபரேஷன் செய்த கண். வியூஃபைண்டர் பக்கத்தில் பார்வைக்கு ஏற்றபடி திருப்புகிற சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்ததும், "அட, பளிச்சுனு தெரியுதே!" என்றார்.

"சிவப்பா கோடு தெரியற இடம்தான் போகஸ், பெரியப்பா."

"அதெல்லாம் எனக்கு எதுக்குடா? நீ அங்கே நில்லு."

கண்ணில் வைப்பதற்கு முன்னாலேயே அவர் விரல் வளையத்தைத் திருப்பிவிட்டது. இரண்டு மீட்டர். பழைய விரலுக்குப் பழைய வளையம் மறக்கவில்லை. க்ளிக்! என் முகத்தில் போகஸ் கச்சிதம்.

அப்புறம் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். எஃப் 2. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு படம் எடுத்தேன். திரையில் காட்டினேன். தன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லென்ஸுக்கு வயசே ஆகலைடா" என்றார். "எனக்குத்தான் ஆயிருக்கு."

அந்தப் படம் இப்போது கூடத்தில் பெரியம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே லென்ஸ். இவருக்கு மாலை போடவில்லை. அவரே தினமும் தூசி தட்டுகிறார்.

மொத்தக் கணக்கு

"என்னங்க, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?" என்று வீட்டில் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு மழுப்புவது ஆபத்து. எழுதியே கொடுத்தேன்.

காமிரா 48,000. இரண்டு வளையம் 3,700. பூஞ்சை வைத்தியம் 1,200. இன்னொரு பேட்டரி 1,500 (இந்த மாடலுக்குப் பசி ஜாஸ்தி, வெளியூர் போனால் ஒன்று போதாது). டப்பா, ஸிலிகா ஜெல் 400. ஆக மொத்தம் 54,800 ரூபாய். லென்ஸ் இலவசம்.

இதைவிடக் குறைவாகவும் முடிக்கலாம். செகண்ட் ஹேண்டில் ஏ.பி.எஸ்.ஸி. காமிராக்கள் இருபதாயிரத்துச் சொச்சத்திலிருந்தே என் கண்ணில் பட்டன. 50 மி.மீ. அதில் 75 ஆகும் என்றேனே, அது ஒன்றும் சாபமில்லை. முகம் எடுக்க அருமையான தூரம்.

இன்னும் பத்து வருஷத்தில் இந்தக் காமிராவும் பழைய இரும்பாகும். சென்ஸார் மாறும், பேட்டரி மாறும், மவுண்ட்டும் மாறலாம். அப்போது இன்னொரு வளையம் கடைந்தால் போதும். லென்ஸ் அடுத்த வீட்டுக்கு வாழப் போய்விடும்.

ஆகவே காமிரா வாங்கத் துடிக்கும் இளைஞர்களே, இ.எம்.ஐ. ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தாத்தா, பெரியப்பா, மாமா வீட்டுப் பீரோக்களின் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். தோல் உறைக்குள் ஏதாவது கனமாகத் தட்டுப்பட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் பீரோ, அப்புறம் பேங்க்!